முதல் நாள் முள் வேண்டாம்: ஃப்ளை ஃபிஷிங் கற்க வருபவர்களுக்கு

ஃப்ளை ஃபிஷிங் என்பது, ஃப்ளை எனப்படும் போலிப் பூச்சியை முள்ளில் கட்டி மீன் பிடிப்பது. என்னிடம் அதைக் கற்க வருபவர்கள் வண்டியிலிருந்து இறங்கியதும் ஆற்றைத்தான் பார்ப்பார்கள். நான் அவர்களைப் புல்தரைக்கு அழைத்துப் போவேன். முகம் கொஞ்சம் வாடும். ராடை, அதாவது தூண்டில் கோலைக் கையில் கொடுத்து, நுனியில் முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டியதும் இன்னும் கொஞ்சம் வாடும். பரவாயில்லை. புல்லில் செலவழிக்கும் அந்த ஒரு மணி நேரத்தால், ஆற்றில் சிக்கெடுத்துக்கொண்டு நிற்க வேண்டிய ஒரு முழுநாள் மிச்சமாகிறது.

இப்படிச் சொல்லிக்கொடுப்பதற்கு நான் கற்ற விதமே காரணம். எனக்கு முதலில் கற்றுத்தந்தவர் அபாரமான வீச்சுக்காரர். எழுபது அடி லைனை, அதாவது தூண்டில் கயிற்றைக் காற்றில் நிறுத்திக் காட்டுவார். முதல் நாளே என்னைத் தொடையளவு தண்ணீரில் இறக்கி, எதிர்க்கரையைக் கைகாட்டி, அங்கே போடு என்றார். ஒரு பருவம் முழுக்க எதிர்க்கரையைப் பார்த்தே வீசினேன். லைன் தலையில் விழுந்தது, தொப்பியில் முள் மாட்டியது, பின்னாலிருந்த புதரில் எத்தனை ஃப்ளை போனதென்று கணக்கே இல்லை. மீன் ஒன்றுகூட இல்லை. ஒரு மாலை, தோள் வலி தாங்காமல் கரையேறி உட்கார்ந்தேன். அதுவரை நான் நின்றிருந்த இடத்திலிருந்து ஒரு ராட் நீளம்கூட இருக்காது, தண்ணீரில் சின்னதாக ஒரு வளையம் விரிந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ட்ரவுட் மீன் ஒன்று நிதானமாகப் பூச்சி தின்றுகொண்டிருந்தது. நான் அதன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அடுத்த தெருவுக்கு வீசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இன்றுவரை சொல்லிக்கொடுக்கிறேன். தொடங்குபவருக்குத் தூரம் தேவையே இல்லை. முப்பது அடிக்குள், அடங்கிய சத்தத்தோடு, நினைத்த இடத்தில் விழும் ஒரு வீச்சு போதும். கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனியாவில் சிலர் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடைக்குக் கீழே வளரும் இறகுகள் இரண்டைக் கட்டி, ஈயைப்போல் மிதக்கவிட்டு மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். அவர்களுடைய கோல் ஆறு அடி, நூலும் ஆறு அடி. அதை வைத்துக்கொண்டே பிடித்திருக்கிறார்கள்.

என்ன வாங்குவது

ஒன்பது அடி நீளமுள்ள, ஐந்தாம் எண் ராட் ஒன்று. அதே எண்ணில் ஒரு ரீல். அதே எண்ணில், மிதக்கும் வகை லைன், முன்பகுதி கனமாக இருப்பது. லைன் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பான லீடர், ஒன்பது அடியில் இரண்டு மூன்று. லீடர் நுனியில் சேர்க்கும் மெல்லிய நரம்பான டிப்பெட், 5எக்ஸ் அளவில் ஒரு சுருள். ட்ரவுட், புளூகில் போன்ற மீன்களுக்கு ஆரம்பத்தில் இது தாராளம். பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் லைனில் போடுங்கள் என்பேன். சுமாரான ராடில் நல்ல லைன் வேலை செய்யும். நல்ல ராடில் மோசமான லைன் வேலை செய்யாது. ரீல் ஆரம்பத்தில் லைனைச் சுற்றிவைக்கும் ஒரு சக்கரம், அவ்வளவுதான்.

எண்கள் குழப்பும், ஒருமுறை புரிந்துகொண்டால் போதும். ராடிலும் லைனிலும் இருக்கும் எண் லைனின் கனத்தைக் குறிக்கிறது. ஐந்தாம் எண் லைனில் முதல் முப்பது அடி சுமார் 9 கிராம் இருக்கும். டிப்பெட்டில் எக்ஸுக்கு முன்னால் உள்ள எண் கூடக்கூட நரம்பு மெலியும். 11லிருந்து அந்த எண்ணைக் கழித்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்பது வந்துவிடும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு பங்கு, அதாவது ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர். முள்ளின் அளவும் தலைகீழ்தான். 16ஆம் எண் முள் 8ஆம் எண்ணைவிடச் சிறியது.

கூடவே ஒரு போலராய்ட் கண்ணாடி, ஒரு தொப்பி. கண்ணாடி இல்லாதவரை நான் புல்தரையில்கூட வீச விடுவதில்லை. தண்ணீருக்குள் மீனைப் பார்க்க உதவும் என்பது இரண்டாவது காரணம். முதல் காரணம், தலைக்குப் பக்கத்தில் வேகமாகப் பறக்கும் ஒரு முள்.

புல்தரை

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ தக்கையோ கனமாக இருக்கும். அதை எறிந்தால் நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். இங்கே நுனியில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய ஒரு குட்டி முள். அதை எறியவே முடியாது. வேண்டுமானால் ஒரு கோழியிறகை எறிந்து பாருங்கள். கனம் லைனில்தான் இருக்கிறது. லைனை வீசுகிறோம், ஃப்ளை சும்மா கூடவே போகிறது. ஏற்கெனவே வேறு தூண்டிலில் பழகி வந்தவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். கை எறியப் பார்க்கும். ராடையே தொட்டிராதவர்கள் பெரும்பாலும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

சரி, ராடைப் பிடியுங்கள். கட்டைவிரல் பிடியின் மேல், ராட் நுனியைப் பார்த்தபடி. இறுக்க வேண்டாம், உள்ளே ஒரு குருவி இருப்பதுபோல் பிடித்தால் போதும். ஒரு இருபத்தைந்து அடி லைனை வெளியே எடுத்து, உங்களுக்கு முன்னால் புல்லில் நேராக நீட்டி வையுங்கள். ராட் நுனி தரையைத் தொடுமளவுக்குத் தாழ்ந்திருக்கட்டும். லைனில் தொய்வே இருக்கக் கூடாது. தொய்வு இருந்தால் ராட் முதலில் அந்தத் தொய்வை எடுக்கத்தான் உழைக்கும்.

இப்போது மெதுவாகத் தூக்கத் தொடங்கி, வேகத்தைச் சீராகக் கூட்டி, ராட் உங்கள் காதைத் தாண்டியதும் சட்டென்று நிறுத்துங்கள். கடிகார முகத்தை நினைத்துக்கொண்டால், ஒரு மணிக்குப் பக்கத்தில். நிறுத்தியதும் வளைந்திருந்த ராட் நிமிரும். அந்த நிமிர்வு லைனைப் பின்னால் தள்ளும். லைன் காற்றில் ஒரு வளைவாக உருண்டு, பின்னால் நேராக விரியும். விரிந்து முடியும்வரை ஒன்றும் செய்யாதீர்கள். அப்புறம் அதேபோல் முன்னால், மெதுவாகத் தொடங்கி, வேகம் கூட்டி, பத்து மணியில் சட்டென்று நிறுத்தம். லைன் முன்னால் விரியும்போது ராடை மெல்லத் தாழ்த்துங்கள். இதுதான் வீச்சு. மற்றதெல்லாம் இதன் மேல் வருவதுதான்.

ஒன்றும் செய்யாமல் காத்திருக்கும் அந்த நொடிதான் எல்லோருக்கும் கஷ்டம். பின்னால் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, எனவே மனசு அவசரப்படும். லைன் விரிவதற்குள் முன்னால் இழுத்துவிடுவார்கள். சாட்டை சொடுக்குவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். புல்லில் என்றால் கம்பளி நூல் தப்பித்துவிடும், ஆற்றில் என்றால் ஃப்ளை அறுந்து போயிருக்கும். அதனால் நான் எல்லோரிடமும் தலையைத் திருப்பிப் பின்வீச்சைப் பார்க்கச் சொல்வேன். அழகாக வீசுவது பிறகு வரும், முதலில் பாருங்கள். சிவப்பு நூல் பின்னால் போய், நேராகி, கீழே விழத் தொடங்குவதற்குச் சற்று முன் ஒரு கணம் அப்படியே தொங்கும். அந்தக் கணத்தில் கையில் மெல்லிய ஒரு இழுப்பு தெரியும், யாரோ சட்டை நுனியைப் பிடித்து இழுப்பதுபோல. அந்த இழுப்பு தெரிந்தபின் முன்னால் வாருங்கள்.

ஒருமுறை நல்ல புஜபலம் உள்ள ஒருவர் வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மிருதங்கம் வாசிக்கும் ஒரு பெண். அவர் பலம் போடப் போட லைன் காலடியில் குவிந்தது. அந்தப் பெண் பத்தே நிமிடத்தில் வாய்க்குள் ஏதோ தாளம் சொல்லிக்கொண்டே லைனை நேராக விரித்தார். என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வாசிக்கும் சொல்லைவிட நடுவில் விடும் இடைவெளியை எண்ணுகிறேன் என்றார். அதற்குப் பிறகு நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். லைன் நீளம் கூடினால் இடைவெளியும் கூடும். இருபது அடிக்கு ஒரு காத்திருப்பு, நாற்பது அடிக்கு அதைவிட நீண்ட காத்திருப்பு.

இன்னும் இரண்டு தவறுகளைப் புல்தரையிலேயே சரிசெய்துவிடலாம். ஒன்று, மணிக்கட்டு பின்னால் மடங்கி, ராட் தரைக்குச் சமமாகச் சாய்வது. லைன் பின்னால் புல்லில் விழும். ராடின் அடிமுனையைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் வீசினால் மணிக்கட்டு தானாக அடங்கும். இன்னொன்று, முன்வீச்சைத் திடீரென்று முரட்டுத்தனமாகத் தொடங்குவது. வளைவின் மேல்பாதி கீழ்ப்பாதியைக் குறுக்கே கடந்து லீடரில் முடிச்சு விழும். காற்று போட்ட முடிச்சு என்று பலர் சொல்வார்கள். காற்றின் மேல் குற்றமில்லை, கைதான் போட்டது. மெதுவாகத் தொடங்கி, கடைசியில் வேகம்.

கை சோர்ந்தால் நிறுத்திவிடுங்கள். தினம் பதினைந்து நிமிடம் செய்வது, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் செய்வதைவிட மேல்.

இரண்டு முடிச்சு

பத்து முடிச்சுகளை அரைகுறையாகத் தெரிந்துகொள்வதைவிட இரண்டை இருட்டிலும் போடப் பழகுங்கள். ஃப்ளையைக் கட்ட: நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, அதே நரம்பின் மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வளையத்தில் நுனியை நுழைத்து, அப்போது உருவாகும் பெரிய வளையத்திலும் நுழைத்து இழுக்க வேண்டும். லீடரோடு டிப்பெட்டைச் சேர்க்க: இரண்டையும் ஒரு சாண் அளவுக்கு ஒன்றோடொன்று படுக்கவைத்து, சேர்த்து ஒரு வளையம் போட்டு, டிப்பெட் முழுவதையும் லீடர் நுனியோடு சேர்த்து அதற்குள் இரண்டு முறை நுழைத்து, நான்கு முனைகளையும் இழுக்க வேண்டும்.

எந்த முடிச்சானாலும் இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்த நரம்பு உரசும்போது சூடாகிப் பலம் இழக்கும். இறுக்கியபின் ஒருமுறை நன்றாக இழுத்துப் பாருங்கள். அறுவதாக இருந்தால் உங்கள் கையில் அறுவது நல்லது. அறுந்த முள்ளை வாயில் சுமந்துகொண்டு ஒரு மீன் திரிய வேண்டாம்.

ஆற்றங்கரையில் பத்து நிமிடம்

ஆற்றுக்கு வந்துவிட்டோம். இன்னும் வீச வேண்டாம். உட்காருங்கள். கொக்கு எப்படி நிற்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அதுபோல.

ஓடும் தண்ணீரில் மீன் ஓட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும். இரையை ஆறு கொண்டுவந்து தரும், மீன் தேடிப்போக வேண்டியதில்லை. ஆனால் வேகமான ஓட்டத்தில் நாள் முழுக்க நின்றால் தின்றதைவிடச் செலவு அதிகமாகிவிடும். எனவே மெதுவான தண்ணீரில் நின்றுகொண்டு, பக்கத்தில் ஓடும் வேகமான தண்ணீரிலிருந்து இரையை எடுக்கும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் ஆற்றில் பாதியைத் தள்ளிவிடலாம். பாறைக்குப் பின்னாலும், பாறைக்குச் சற்று முன்னாலும் தண்ணீர் மட்டுப்படும். வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசும் இடத்தில் நுரை ஒரு கோடாகப் போகும். அந்தக் கோடுதான் சாப்பாட்டு வரிசை. கரை அரித்துக் குடைந்த இடம், மரம் தாழ்ந்து நிழல் விழும் இடம், மடு முடிந்து தண்ணீர் மேலேறி ஆழம் குறையும் இடம், இவையெல்லாம் பார்க்க வேண்டியவை.

பிறகு முழங்காலளவு தண்ணீரில் கிடக்கும், உள்ளங்கை அகலமான ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். நான் இதை ஒவ்வொரு முறையும் செய்ய வைப்பேன், எனக்கே அலுத்ததில்லை. ஈரக்கல்லில் முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகியதும் கல்லே நகர்வதுபோல் இருக்கும். தட்டையான உடம்பு, பின்னால் மெல்லிய மூன்று வால், வயிற்றின் இருபுறமும் சிறகுபோல் அடித்துக்கொள்ளும் செவுள்கள் இருந்தால் அது பெரும்பாலும் மேஃப்ளை என்னும் பூச்சியின் இளம் பருவம். இரண்டு தடித்த வால் இருந்து, தண்ணீர் வேகமாக ஓடும் இடமாகவும் இருந்தால், ஸ்டோன்ஃப்ளையாக இருக்கலாம். மணலையும் குச்சியையும் தன் பட்டு நூலால் ஒட்டி ஒரு குழாய் செய்து, அதற்குள் குடியிருப்பது கேடிஸ் பூச்சியின் புழு. பார்த்ததும் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள்.

மேஃப்ளைக்கு இறக்கை முளைத்த பிறகு வேலை செய்யும் வாய் கிடையாது. அது தின்ன வருவதில்லை, இனம் பெருக்க மட்டும் வருகிறது. பெரும்பாலானவை ஓரிரு நாளுக்குள் வாழ்ந்து முடிந்துவிடும். இறக்கை வந்தபின் இன்னொரு முறை தோலுரிக்கும் பூச்சியும் இது ஒன்றுதான். ஓராண்டு வரைகூடக் கல்லுக்கடியில் கிடந்துவிட்டு ஒரு மாலைக்காக மேலே வரும் இந்தப் பூச்சியைப் போலிசெய்துதான் நாம் மீனிடம் போகிறோம். கையில் அதை வைத்துப் பார்த்தவர்கள் ஃப்ளையை வேறு மாதிரி கட்டுகிறார்கள்.

எந்த ஃப்ளை

பெட்டி நிறைய வேண்டாம். மூன்று போதும். மேலே மிதக்க 14ஆம் எண் ஆடம்ஸ். 1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பிறந்த இந்தச் சாம்பல்நிற ஃப்ளை எந்தப் பூச்சிக்கும் அச்சு அசலாக இராது, பல பூச்சிகளுக்குக் கிட்டத்தட்ட இருக்கும். அடியில் போக 16ஆம் எண் ஃபெசன்ட் டெயில். குட்டி மீன்போல இழுத்துவர 8ஆம் எண் ஊலி பக்கர். இதற்கு மட்டும் 5எக்ஸ் மெலிவு, 3எக்ஸ் கட்டுங்கள். தண்ணீர் மேல் வளையம் தெரிந்தால் முதலாவது. ஒன்றும் தெரியாவிட்டால் இரண்டாவது, ஏனென்றால் மீன் பெரும்பாலும் அடியில்தான் தின்கிறது. குளமோ கலங்கிய தண்ணீரோ என்றால் மூன்றாவது.

எதைக் கட்டினாலும், கட்டுவதற்கு முன் முள்ளின் எதிர்ப்பல்லை, அதாவது நுனிக்கருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூரை, இடுக்கியால் அமுக்கித் தட்டையாக்குங்கள். மீனுக்கும் நல்லது, உங்கள் காதுக்கும் நல்லது.

தண்ணீரில் இறங்குதல்

பல நேரம் இறங்கவே தேவையில்லை. இறங்கினால் தொடைக்கு மேல் வேண்டாம். ஒரு ஊன்றுகோல், வேடர் எனப்படும் நீர்புகா உடை போட்டிருந்தால் இடுப்பில் இறுக்கிய பெல்ட். காலைத் தூக்கி வைக்காமல் அடியைத் தடவித் தடவி நகர்த்துங்கள். ஓட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் போங்கள். ஊன்றுகோலும் இரண்டு காலும் ஆக மூன்றில், ஒரு நேரத்தில் ஒன்றுதான் நகர வேண்டும். விழுந்து இழுபட்டால் மல்லாந்து, கால்களைத் தண்ணீர் போகும் திசைக்கு நீட்டி மிதந்து, ஆழமில்லாத கரையைப் பிடியுங்கள். எழுந்து நிற்க அவசரப்பட்டால் கால் பாறைக்குள் சிக்கும். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரை விட்டு விலகுங்கள். கார்பன் ராட் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழேயும் அதே எச்சரிக்கை.

வீசியதற்குப் பிறகு

மீன் ஓட்டத்தைப் பார்த்து நிற்பதால், ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து, குனிந்து, பின்னாலிருந்து நெருங்குங்கள். அது நிற்கும் இடத்துக்கு மூன்று நான்கு அடி மேலே ஃப்ளை விழட்டும். இனி ஃப்ளை ஒரு உதிர்ந்த இலைபோல, தண்ணீரின் வேகத்தில் மட்டும் வர வேண்டும். பூச்சி ஆற்றில் குறுக்கே இழுபட்டுப் போகாது, மீனுக்கு அது தெரியும். உங்களுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் வேகமான ஓட்டம் இருந்தால் அது லைனை வளைத்து ஃப்ளையை இழுக்கும். இழுக்கும் முன் ராட் நுனியால் லைனை மட்டும் மெல்லத் தூக்கி மேல்பக்கமாகப் போட்டுவிடுங்கள். மெண்டிங் என்பது இதுதான். ஃப்ளை அசையாமல் லைன் மட்டும் இடம் மாற வேண்டும். இது புல்லில் வராது, தண்ணீரில்தான் வரும்.

வீசாத கையை மறந்துவிடுவார்கள். லைன் எப்போதும் ராட் பிடித்த கையின் ஆள்காட்டி விரலுக்கடியில் இருக்கட்டும். ஃப்ளை உங்களை நோக்கி வர வர, மற்றக் கையால் தொய்வை இழுத்துக்கொண்டே இருங்கள்.

மீன் எடுத்ததும் வெட்டி இழுக்கத் தோன்றும். வேண்டாம், ராடைத் தூக்கினாலே போதும். 5எக்ஸ் நரம்பு முரட்டு இழுப்பைத் தாங்காது. ராட் வளைந்திருக்கட்டும். மீன் ஓடினால் விரலைத் தளர்த்தி விடுங்கள், நின்றால் பக்கவாட்டில் இழுங்கள். அதே நேரம் விளையாட்டுக் காட்டி நீட்டிக்கொண்டே போகாதீர்கள், மீன் சோர்ந்துபோகும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ட்ரவுட்டை நான் தேடிப்போவதே இல்லை. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு, விட்டாலும் பல மீன்கள் பிழைக்காது. பையில் ஒரு வெப்பமானி எப்போதும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பிய நாள்களும் உண்டு.

வலைக்குள் வந்த மீனை வலையோடு தண்ணீருக்குள்ளேயே வையுங்கள். தொடும் முன் கையை நனையுங்கள். அதன் மேல் இருக்கும் வழுவழுப்பு நோயைத் தடுக்கும் கவசம், உலர்ந்த கை அதை உரித்துவிடும். செவுளில் விரல் படக் கூடாது. எதிர்ப்பல் இல்லாத முள், வந்த வழியே லேசாகத் தள்ளினால் கழன்றுவிடும். படம் எடுக்க வேண்டுமானால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கித் தூக்குங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது அதற்கும் முட்டும்.

அப்புறம் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, வாலின் அடியில் ஒரு கை, வயிற்றின் அடியில் ஒரு கை, அழுத்தாமல் பிடித்திருங்கள். செவுள் மெதுவாகத் திறந்து மூடும். வால் ஒருமுறை அசையும், போகாது. இன்னொரு முறை அசையும். நீங்கள் விட வேண்டியதில்லை, கையை மட்டும் அப்படியே வைத்திருங்கள். அதுவே போகும்.